முத்துப்பேச்சி ஜீப்பில் கண்ட நானூற்றுப் பன்னிரண்டு குறைகள்

“பின்னால பாக்குத கண்ணாடியில என் மூஞ்சிதான் தெரியுது, பின்னால வாரவன் தெரியல!” என்று முத்துப்பேச்சி கத்தினாள். ஜீப் இருநூறு அடி ஓடி நின்றது. “வைப்பர் தண்ணியத் தொடைக்காது, கோடுதான் கிழிக்கும்!” இன்னொரு இருநூறு அடி. அவிநாசிக்கு முன்னால், இரண்டு பக்கமும் கிளுவை வேலி நெருக்கிய ஒரு இட்டேரி வண்டித்தடத்தில் வண்டி புழுதியோடு புழுதியாக நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் புருஷன் இசக்கிமுத்து காதில் பனியன் வேஸ்ட் துணியை அடைத்திருந்தான். அந்த ஜீப்பைத் திட்டினால் அவனுக்குத் தாங்காது. முத்துப்பேச்சியின் மடியில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் முப்பத்தாறு சாம்பிள் டி-ஷர்ட். மணி மூன்று இருபது. ஐந்து மணிக்கு, சேவூருக்கு இந்தப் பக்கம் இருக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியை விட்டு, சரக்கு வாங்குகிற பையரின் இன்ஸ்பெக்டர் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுவார். பெட்டி அதற்குள் அவர் கைக்குப் போகாவிட்டால் ஆர்டர் வேறு யூனிட்டுக்கு. ஆர்டர் போனால் நல்லூரில் தவணையில் எடுத்த பன்னிரண்டு மெஷினும் திரும்பிப் போகும். முத்துப்பேச்சி மறுபடி அடுத்தவன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்க வேண்டும். ஒன்பது வருடம் நின்றாயிற்று. இனி நிற்பதில்லை என்று கால் இரண்டும் சேர்ந்து சொல்லியிருந்தன.

அந்த ஜீப் குறை சொன்னால்தான் ஓடும் என்பது நல்லூர் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை. சில வண்டி தள்ளினால் ஓடும், சில வண்டி மேட்டில் நிறுத்தினால் ஓடும், இது குறை சொன்னால் ஓடும். பட்டாளத்தில் ஏலம் விட்டது. பச்சைப் பெயின்ட்டுக்கு மேல் நீலம், நீலத்துக்கு மேல் மறுபடி பச்சை. அதற்குச் சில விதிகள் இருந்தன. குறை மனசாரச் சொன்னதாக இருக்க வேண்டும். வாய்க்கு வந்ததைச் சொன்னால் வண்டி பின்னால் போகும். சொன்ன குறையைத் திருப்பிச் சொல்லக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் பேர் இருக்கிறவர் சொன்னால்தான் செல்லும். மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் அசையாது. யாராவது பாராட்டிவிட்டால் நின்றுவிடும், அதற்கு மட்டும் ஆள் பேதமில்லை. 2005 தீபாவளி சமயத்தில் டீக்கடைக்காரர் ஒருவர் “வண்டி நல்லா இருக்கே” என்று சொல்லப் போய், நல்லூர் பஸ் ஸ்டாப்பில் இரண்டு நாள் நின்றது. பஸ்கள் சுற்றிக்கொண்டு போயின.

வாங்கின வருடம் ஒரு மைனர் குறைக்கு இரண்டு கிலோமீட்டர் ஓடியது. மறு வருடம் அது முக்கால் கிலோமீட்டராக இறங்கியது. 2007 ஏப்ரலில், அதாவது அன்றைக்கு, இருநூறு அடி. மேஜர் குறை இருபதிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு வந்து நின்றது. மைனர், மேஜர், கிரிட்டிக்கல் என்று தரம் பிரித்ததெல்லாம் முத்துப்பேச்சிதான். செக்கிங்கில் இருந்தவளுக்கு வேறு மாதிரிப் பிரிக்கத் தெரியாது. நூல் நீட்டிக்கொண்டிருந்தால் மைனர், தையல் விட்டிருந்தால் மேஜர், துணிக்குள் உடைந்த ஊசி கிடந்தால் கிரிட்டிக்கல். ஜீப்பில் ஒவ்வொரு குறையைச் சொன்னதும், பனியனில் ஒட்டுகிற சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டினாள். அன்றைக்குக் காலையில் மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூற்று ஏழு அம்புக்குறிகள் இருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் வண்டிக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும். அவற்றில் கிரிட்டிக்கல் ஒன்றுகூட இல்லை. அப்படி ஒன்று கிடைத்தால் எவ்வளவு தூரம் ஓடும் என்பது யாருக்கும் தெரியாது.

வண்டியை வாங்கும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. பெண் கொடுக்கிற வீட்டில் மாப்பிள்ளையை விசாரிப்பார்களே, அப்படி ஆர்.சி. புத்தகத்தில் இருந்த மூன்று பேரையும் தேடிப் போய் விசாரித்தாள். மூன்றாவது ஓனர் அமராவதி, திருப்பூரில் பிரின்ட்டிங் பட்டறை வைத்திருப்பவள், “இஞ்சின்ல சத்தமே வராதுங்க, ஓடுதா நின்னுச்சான்னே தெரியாது” என்றாள். இரண்டாவது ஓனர், பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த கிட்டுசாமி, “இஞ்சின் சத்தந்தானுங்க கொஞ்சம் ஜாஸ்தி, முட்டையெல்லாம் விரிசல் வுடும்” என்றார். லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் என்றாள் ஒருத்தி, இருபத்திரண்டு என்றார் ஒருவர். பல்லடம் ஜங்ஷனில் ஞாயிற்றுக்கிழமை பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் கூடுகிற டீக்கடையில் இந்த வண்டியின் இஞ்சினைப் பற்றி மட்டும் இரண்டு கட்சி இருந்தது. ஒரு தடவை கை கலப்பு வரை போயிற்று. மெக்கானிக் நல்லான் பானெட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “இஞ்சின் கல்லு மாதிரி இருக்குதுங்க” என்று தீர்ப்புச் சொன்னான். நல்லவேளையாக வண்டி அப்போது நின்றுதான் இருந்தது.

முதல் ஓனர் சேவூர் சுப்பண்ணன் மட்டும் ஒரு கருத்தும் சொல்லவில்லை. மோர் கொடுத்தார், இளநீர் கொடுத்தார், “என்ற வாயால அந்த வண்டியப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டனுங்க அம்மிணி” என்றார். “ஒண்ணே ஒண்ணு. பானெட்ட மட்டும் பிரிச்சுப்போடாதீங்க. சீல் வெச்சிருக்குது.”

பானெட்டைச் சுற்றிக் கம்பி ஓடியது. கம்பியின் முடிச்சில் ஈயச் சீல். அதில் ஒரு அட்டை டேக் தொங்கியது, டேக்கில் சுப்பண்ணனின் கையெழுத்து. வேறு ஊராக இருந்தால் முதல் நாளே கட்டிங் பிளேயரை எடுத்து அறுத்திருப்பார்கள். ஆனால் பனியன் ஊரில் சீல் வைத்த சாம்பிள் என்றால் அது சாமி மாதிரி. பையர் ஓகே செய்து, டேக் கட்டி, சீல் வைத்த பீஸை முதலாளியே பிரிக்க மாட்டார். பிரித்துவிட்டால் அப்புறம் எதையும் அதோடு ஒப்பிட்டுப் பேச முடியாது. கிட்டுசாமி ஒன்பது வருடம் பிரிக்கவில்லை, அமராவதி மூன்று வருடம் பிரிக்கவில்லை. முத்துப்பேச்சி அந்தச் சீலைப் பார்த்ததும் மனசு நிறைந்துதான் வண்டியையே முடித்தாள். யாரோ ஒருவர் முழுசாகச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று கட்டி வைத்திருக்கிறார். அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆர்.சி. புத்தகம் அவள் பேரில் மாறியது. லேபிள் எதைப் பார்த்தாலும் வாசிக்கிற பழக்கத்தில் சேசிஸ் நம்பர், இஞ்சின் நம்பர் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இரண்டு வருடத்தில் அந்த வண்டி ஒரு தடவைகூடச் சூடேறியதில்லை. அது பாராட்டு ஆகிவிடும் என்பதால் அவள் அதை வெளியே சொன்னதுமில்லை.

சுப்பண்ணன் மட்டும் தினம் காலையில் போன் செய்வார். “வண்டி இன்னிக்கு ஓடுதுங்களா அம்மிணி?” அவ்வளவுதான். ஓடுகிறது என்றால் சந்தோஷமாக வைத்துவிடுவார். இல்லை என்றால் குரல் இறங்கிவிடும். “எங்கியாச்சும் போயிட்டு வாங்க, பல்லடம் வரைக்குமாச்சும்” என்பார். செல்போன் வருவதற்கு முன்னால் கிட்டுசாமிக்கு வாரம் ஒரு போஸ்ட் கார்டு போடுவாராம். வண்டி மேல் அப்படி ஒரு பாசம் என்று எல்லோரும் நினைத்தார்கள். 2003-ல் தண்ணீரில்லாமல் வட்டாரமே தென்னையை வெட்டிச் செங்கல் சூளைக்கு அனுப்பியபோது சுப்பண்ணன் தோட்டம் மட்டும் பச்சையாக நின்றது. அதற்கும் அவருடைய நல்ல மனசுதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள்.

இப்போது, இட்டேரி. அன்றைக்கென்று வாடகை டெம்போக்கள் ஸ்ட்ரைக். ஆபத்துக்கு என்று மூன்று மேஜர் குறைகளை முத்துப்பேச்சி சொல்லாமல் சேர்த்து வைத்திருந்தாள். மூன்றையும் செலவழித்துத் திருப்பூரைத் தாண்டி வந்தால், குடிதண்ணீர் கேட்டுப் பெண்கள் அவிநாசி ரோட்டில் காலிக் குடத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பஸ், லாரி, கார் எல்லாம் வரிசையாக நின்றன. ஜீப்புக்கு ரோடு தேவையில்லை. இசக்கிமுத்து வலது பக்கம் ஒடித்து, வாய்க்காலில் இறக்கி, சோளத்தட்டுக் காட்டில் ஏற்றி, இட்டேரிக்குக் கொண்டுவந்துவிட்டான். காடு மேடு என்றால் அந்த வண்டி தனி. அதையும் வெளியே சொல்லக் கூடாது.

“இன்னும் எத்தனை கிலோமீட்டர்?” என்று கேட்டாள்.

இசக்கிமுத்து காதிலிருந்து வேஸ்டை எடுத்தான். “பன்னெண்டு.”

“இருநூறு இருநூறு அடியாப் போனா விடிஞ்சிரும். நீங்க ஒரு குறையாவது சொல்லுங்க.”

“நான் சொன்னாச் செல்லாதுல்லா. புத்தகம் உன் பேருல கெடக்கு.”

“செல்லுச்சுன்னா மட்டும் சொல்லிருவிய! கட்டுன பொண்டாட்டிய நூறு சொல்லுவிய, இந்தத் தகரத்த ஒண்ணு சொல்ல மாட்டிய!”

“ஏட்டி, அது கேட்டுக்கிட்டு இருக்கு” என்றான் அவன் மெதுவாக, மறுபடி காதை அடைத்துக்கொண்டு.

தகரம் என்று சொன்னது புதுக் குறையாகக் கணக்கில் ஏறி வண்டி இருநூறு அடி போயிற்று. அப்போதுதான் முத்துப்பேச்சிக்கு அந்த யோசனை வந்தது. புத்தகத்தில் பேர் இருக்கிறவர் என்றால் அவள் பேர் மட்டுமா இருக்கிறது? அவள் குதித்து இறங்கி, செல்போனில் கிட்டுசாமியைப் பிடித்து, ஸ்பீக்கரைப் போட்டு, போனைப் பானெட் மேல் வைத்தாள். வண்டிக்குக் காது எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது.

“அண்ணாச்சி, வண்டி நடுக்காட்டுல நிக்கி. மனசுல உள்ள ஒரு குறையச் சொல்லுங்க, அவசரம்!”

“அட, கொறைங்களா?” என்றார் கிட்டுசாமி. “ஒம்பது வருசம் என்ற ஊட்ல இருந்த வண்டிங்க. அதப் போயி எப்படீங்க... அது நல்ல—”

“நல்லதுன்னு சொல்லிராதிய!”

“சரி சரி. சீட்டு கொஞ்சம்... சித்த நேரம் உக்காந்தா இடுப்பு கொஞ்சம்... ஆனா எந்திரிச்சு நடந்தாச் செரியாப் போயிருமுங்க.”

ஜீப் முப்பது அடி முன்னால் போய், இருபது அடி பின்னால் வந்தது. இந்த மனுஷன் ஒன்பது வருடத்தில் பண்ணையைத் தாண்டி வண்டியை ஏன் வெளியே எடுக்கவில்லை என்பது முத்துப்பேச்சிக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. போனை வெட்டிவிட்டு அமராவதிக்குப் போட்டாள்.

“அந்தப் பீடை இன்னும் உசுரோட இருக்குதுங்களா?” என்றது போன். ஜீப் அப்போதே உறுமியது. முத்துப்பேச்சி பாய்ந்து ஏறிக்கொண்டு போனை உயரப் பிடித்தாள். “என்ற தம்பி நிச்சயத்துக்குப் போனமுங்க. வண்டி நெறைய சீர்த்தட்டம். ஸ்டியரிங்க இக்கட்டத் திருப்புனா அது அக்கட்டப் போவுது! பொண்ணு ஊட்டுக்குப் போறதுக்குப் பதிலா, நாலு ஊடு தள்ளி ஒரு எழவு ஊட்டு வாசல்ல கொண்டுபோயி நிறுத்திப்போடுச்சு. நாங்களும் கூட்டத்தப் பாத்துட்டுத் தட்டத்தோட எறங்கிட்டமுங்க! பூவு, பழம், சேலை... அவங்க அழுகைய நிறுத்திப்போட்டு எங்களப் பாக்கறாங்க...”

அந்த ஒரு குறைக்கு ஜீப் ஆறு கிலோமீட்டர் பறந்தது. வழியெல்லாம் அமராவதியே பேசிக்கொண்டு வந்தாள். இரண்டு வருடம் மனசில் கிடந்தது. ஆனால் மூன்று வருடம் வண்டியை ஓட்டியவள் மிச்சத்தையெல்லாம் முன்பே சொல்லித் தீர்த்திருந்தாள். சொன்னதையே திருப்பிச் சொல்ல ஆரம்பித்ததும் ஜீப் நின்றது. கம்பெனிக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர். முத்துப்பேச்சி கையில் கிடைத்த குறையெல்லாம் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாள். இன்னும் ஐந்தரை கிலோமீட்டர் இருக்கும்போது, ஒரு வேப்பமரத்தடியில், நானூற்றுப் பதினொன்றாவது ஸ்டிக்கரோடு வாயும் நின்றது, வண்டியும் நின்றது. மணி நாலு முப்பத்தெட்டு. தேடித் தேடிப் பார்த்தாள். அந்த வண்டியில் அவளுக்குத் தெரிந்த குறை இனி ஒன்றுகூட இல்லை. ஒன்பது வருடச் செக்கிங்கில் அப்படி ஒரு பொருளை அவள் பார்த்ததில்லை. பயமாக இருந்தது. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மட்கார்டில் சாய்ந்து நின்றாள். இசக்கிமுத்து அவள் கையிலிருந்து ஸ்டிக்கர் ரோலை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஓடிப் போய்ச் சேர்கிற தூரமில்லை. பன்னிரண்டு மெஷினும் வரிசையாக லாரியில் ஏறுவது அவள் கண்ணில் தெரிந்தது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ஆள் ஓடிவந்தார். தோளில் மண்வெட்டி, முழங்கால் வரை சேறு. இந்த வட்டாரத்தில் அந்த வருடம் சேறு என்பதே யார் காலிலும் இல்லை. சுப்பண்ணன்.

“ஏனுங் அம்மிணி, வண்டி நின்னுபோச்சுங்களா?” அவருக்கு மூச்சு வாங்கியது. “இப்பத்தான்... ஒரு ரெண்டு நிமிசமா...”

“அய்யா, நாங்க இங்கன நிக்கது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சுப்பண்ணன் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பானெட்டின் சீலைத் தொட்டுப் பார்த்தார். முத்துப்பேச்சி நடந்ததைச் சொன்னாள், பெட்டியைக் காட்டினாள், மணியைக் காட்டினாள். “மூணு பேருல நீங்க ஒருத்தருதான் இந்த வண்டியப் பத்தி ஒண்ணுமே சொல்லல. ஒரே ஒரு குறை, அய்யா.”

“என்ற வாயால வராதுங்க. பாருங்க, என்ன ஒரு லட்சணமான—”

முன்சக்கரம் ‘புஸ்’ என்றது. முத்துப்பேச்சி சட்டென்று அவர் வாயைப் பொத்தினாள். அந்த ஊரில் வயசில் மூத்த ஒரு ஆளை அப்படி யாரும் தொட்டதில்லை. தொட்டவளும் மிரண்டுபோய்க் கையை எடுத்தாள். “மன்னிச்சிருங்கய்யா. ஒம்பது வருசம் அடுத்தவன் டேபிள்ல நின்னு அடுத்தவன் தப்ப எண்ணுனவ நான். இந்தப் பெட்டி போவலேன்னா மறுபடியும் அங்கதான் போய் நிக்கணும். வண்டியில குறையே இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போயிருங்க. இருந்து சொல்லலேன்னா...”

சுப்பண்ணன் வெகுநேரம் தன் காலில் இருந்த சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் என்றால் ஒரு நிமிஷம். அன்றைக்கு அது பெரிது. பிறகு, “நீங்க ரெண்டு பேரும் ஏறி உக்காருங்க கண்ணு” என்றார். மண்வெட்டியைக் கீழே வைத்து, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பானெட்டின் மேல் குனிந்து, வாடகை பாக்கி வைத்தவன் வீட்டுக்காரனிடம் பேசுகிற குரலில் ஜீப்பிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அது கேட்கவில்லை.

ஜீப் முதலில் அசையவில்லை. மனுஷன் ஒரு செய்தியைக் கேட்டு ஒரு கணம் அப்படியே நிற்பானே, அப்படி நின்றது. பிறகு கிளம்பியது. நாலு நாற்பத்து மூன்றுக்கு வேப்பமரத்தடியை விட்டது, நாலு நாற்பத்தாறுக்குக் கம்பெனி கேட்டில் இருந்தது. வாட்ச்மேன் நோட்டில் இந்த நேரம் பதிவாகியிருக்கிறது. ஐந்தரை கிலோமீட்டரும் இசக்கிமுத்து ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் முப்பத்தாறு பீஸையும் டேபிளில் விரித்தார், உதறினார், வெளிச்சத்தில் பிடித்தார், ஒரு பீஸில் மட்டும் நூல் நீட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, ஓகே போட்டு டேக் கட்டிச் சீல் வைத்தார்.

அதற்கப்புறம் அந்த ஜீப்புக்கு யாரும் குறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுப்பண்ணன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருடம் தீபாவளிக்கு ஓடியது, மறு வருடம் மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு ஓடியது, பன்னிரண்டு மெஷின் இருபத்தாறு ஆன பிறகும் ஓடியது. யார் பாராட்டினாலும் நிற்கவில்லை. இசக்கிமுத்து ஆசை தீரப் பாராட்டினான். பல்லடம் டீக்கடையில் இரண்டு கட்சியும் இன்னும் இஞ்சினைப் பற்றிச் சண்டை போட்டார்கள். நானூற்றுப் பன்னிரண்டாவது குறை என்ன என்று முத்துப்பேச்சி போன் செய்யும்போதெல்லாம் கேட்பாள்; சுப்பண்ணன் சாப்பிட்டீங்களா என்று கேட்டு, மழை பற்றிப் பேசி, வைத்துவிடுவார். அவள் அந்த ஒரு ஸ்டிக்கரை ஒட்டாமல் பர்ஸிலேயே வைத்திருந்தாள். எங்கே ஒட்டுவது என்று தெரியவில்லை.

2009 சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேவூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவள் சொல்லாமல் கொள்ளாமல் சுப்பண்ணன் தோட்டத்துக்குள் இறங்கினாள். ஜீப்பை எடுத்துக்கொண்டு இசக்கிமுத்து அவிநாசிக்குப் போயிருந்தான். பாதாளம் மாதிரி ஒரு கிணறு. கிணற்று மேட்டில், தகரக் கூரைக்குக் கீழே, பழைய டீசல் இஞ்சின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தென்னைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. கிட்டுசாமி சொன்ன அதே சத்தம். அதற்கு டீசல் டேங்க் என்று ஒன்று இல்லை. டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் சுப்பண்ணன் சட்டையைக் கழற்றி மாட்டியிருந்தார். லேபிள் எதைப் பார்த்தாலும் வாசிக்கிற பழக்கம். முத்துப்பேச்சி குனிந்து இஞ்சின் பக்கவாட்டில் இருந்த நம்பரைத் துடைத்து வாசித்தாள். ஒரு தடவை வாசித்தாள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற நம்பர்தான்.

வாய்க்காலைத் திருப்பிக்கொண்டிருந்த சுப்பண்ணன் மண்வெட்டியோடு வந்து நின்றார். ஓடவுமில்லை, மழுப்பவுமில்லை.

“‘உனக்குள்ள இஞ்சின் இல்ல சாமி, விக்கறதுக்கு முன்னாலயே நான் கழட்டிப்போட்டேன்’னு அன்னிக்கு வண்டிகிட்டச் சொன்னனுங்க” என்றார். “கெணத்துக்கு வேணுமின்னு எடுத்தேன். வெறும் வண்டிய வாங்க ஆள் வந்தாங்க. சொல்ல வெக்கமா இருந்துச்சு, சீல் வெச்சேன். ஓட்டிப் பாக்கறேன்னாங்க, ஓடுச்சு. அது ஓடுனாத்தான் இதுவும் ஓடுதுங்க அம்மிணி. அது நின்னா இதுவும் நின்னுபோகுது.”

முத்துப்பேச்சி பர்ஸைத் திறந்து, ஸ்டிக்கரை எடுத்து, அம்புமுனை சரியாக நம்பர் பக்கம் பார்க்கிற மாதிரி இஞ்சின் மேல் ஒட்டினாள். கிரிட்டிக்கல்.

“இதுக்கு டீசல் எவ்வளவு பிடிக்கும்?” என்று கேட்டாள்.

“பதினாறு வருசத்துல ஒரு சொட்டு ஊத்துனதில்லீங்க.”

“ஊத்தாண்டாம்” என்றாள் முத்துப்பேச்சி. “வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஜீப்புல நான்தான் ஊத்துதேன்லா.”